மூன்று விரல்களும் ஒரு கூம்பும்: பரேட்டோவிலிருந்து என் லேப்டாப் வரை

இந்த எபிசோடுக்கு உங்களோட ஒரு கை வேணும். பைக் ஓட்டிக்கிட்டே கேட்கிறவங்க சும்மா கேளுங்க, கையை ஹேண்டில்பார்லயே வச்சிருங்க. மத்தவங்க இடது கையைக் கொஞ்சம் நீட்டுங்க.

பள்ளிக்கூடத்துல ஃபிளெமிங் இடக்கை விதி படிச்சது ஞாபகம் இருக்கா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணையும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா நீட்டணும். அதே மாதிரி வச்சுக்கோங்க. ஆனா இன்னைக்கு மின்னோட்டமும் காந்தப்புலமும் கிடையாது. கட்டைவிரல் போற திசையில செலவு கூடுது. ஆள்காட்டி விரல் திசையில காத்திருக்கும் நேரம் கூடுது. நடுவிரல் திசையில மொபைல் டேட்டா அதிகமா தீருது. மூணுமே குறைஞ்சா நல்லது, கூடினா மோசம்.

விரல்கள் மூணும் சேருற இடம் ஒரு புள்ளி. அது ஒரு திட்டம், ஒரு தீர்வு. அந்த மூணு விரலுக்கும் நடுவுல இருக்கிற காலி இடத்தைப் பாருங்க. அதுக்குள்ள வேற ஏதாவது புள்ளி விழுந்தா அது எல்லா விதத்துலயும் உங்க புள்ளியை விட மோசம். அதை யோசிக்காம தூக்கிப் போட்டுடலாம். அந்தக் காலி இடத்துக்குக் கணக்குல பேரு கூம்பு.

கூம்புன்னதும் கோன் ஐஸ்தான் ஞாபகம் வரும். கணக்கு அவ்வளவு கறாரா இல்ல. ஒரு நுனி இருக்கணும், அந்த நுனியிலிருந்து கிளம்புற கோடுகள் முடிவில்லாம நீளணும், அவ்வளவுதான். வட்டமா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. உங்க ரூம்ல ரெண்டு சுவரும் தரையும் சேருற மூலைகூட ஒரு கூம்புதான்.

இந்தக் கூம்பு எங்கிருந்து வந்துச்சு, யார் யார் கையில மாறி மாறி என் லேப்டாப் வரைக்கும் வந்துச்சு, வந்து நான் அதை வச்சு என்ன தப்பு பண்ணினேன் என்பதுதான் இன்றைய கதை.

முதல் ஆள் நம்ம இனம். இன்ஜினியரிங் படிச்சுட்டு வேற வேலைக்குப் போனவர். வில்ஃப்ரெடோ பரேட்டோ, 1848-ல் பாரிஸில் பிறந்த இத்தாலியர். டூரினில் இன்ஜினியரிங் படித்தார். ரயில்வே கம்பெனியில் வேலை, அப்புறம் இரும்புத் தொழிற்சாலை நிர்வாகம் என்று சுமார் 20 வருஷம் ஓடியது. பொருளாதாரப் பேராசிரியராக ஸ்விட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்துக்குப் போனது 1893-ல்தான். நாற்பது வயசுக்கு மேல கரியர் மாத்தினவர். வீட்டுல கேட்டா இவர் பேரைச் சொல்லுங்க.

அந்தக் காலத்துப் பொருளாதார நிபுணர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஒருத்தருடைய சந்தோஷத்தை இன்னொருத்தருடைய சந்தோஷத்தோடு எப்படிக் கூட்டுவது? எனக்குக் கிடைக்கிற ஒரு தோசையின் திருப்தியையும் உங்களுக்குக் கிடைக்கிற ஒரு தோசையின் திருப்தியையும் எந்தத் தராசில் வைப்பது? 1881-லேயே அயர்லாந்துக்காரர் எட்ஜ்வொர்த் இந்தக் கேள்வியைச் சுற்றி வந்துவிட்டார். இருவர் பேரம் பேசும்போது, ஒருவருக்கு நஷ்டம் வராமல் மற்றவருக்கு லாபம் கூட்ட முடியாத நிலைகள் எவை என்று கணக்கு போட்டார்.

பரேட்டோ 1906-ல் வெளியிட்ட அரசியல் பொருளாதாரக் கையேட்டில் இதைப் பொதுவாக்கினார். கூட்டவே வேண்டாம் என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. யாருக்கும் குறையாமல் யாருக்காவது கூட்ட முடிந்தால் அது முன்னேற்றம். அப்படி எதுவும் செய்ய முடியாத நிலை வந்துவிட்டால், பொருளாதாரக் கணக்கு அங்கே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தீர்ப்பு சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை.

கையை மறுபடி பாருங்க. உங்க மூணு விரலும் செங்குத்தா நிக்குதே, அதுதான் பரேட்டோவுடைய நிலைப்பாடு. ஒன்றை இன்னொன்றோடு கூட்ட மாட்டேன், ஒவ்வொரு திசையும் தனித்தனி. ஆனா அவர் புத்தகத்தில் இந்த ரூம் மூலைக் கூம்பு இல்லை. கூம்பை வைத்து வரிசை சொல்லலாம் என்பது வேறொரு துறையில் பிரபலமானது.

1908 செப்டம்பர் 21, ஜெர்மனியின் கொலோன் நகரம். ஹெர்மன் மின்கோவ்ஸ்கி என்கிற கணித மேதை, வெளியும் காலமும் பற்றிப் பேசுகிறார். ஐன்ஸ்டைனுக்கு ஜூரிச்சில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் இவர். ஒரு நிகழ்ச்சியை நுனியாக வைத்து முன்னும் பின்னும் ஒளி போகும் பாதைகளைக் கோடு போட்டால் கூம்பு வருகிறது. கூம்புக்குள் இருக்கும் எதிர்கால நிகழ்ச்சிகளை இது பாதிக்கலாம். வெளியே இருப்பவற்றை இதால் தொட முடியாது. ஒன்றின் கூம்புக்கு வெளியே மற்றொன்று இருக்கும் ரெண்டு நிகழ்ச்சிகளில் எது முதலில் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பதிலே கிடையாது.

மின்கோவ்ஸ்கிக்கு சர்வர் பில் பற்றி எந்தக் கவலையும் இல்லை. ஆனா வடிவம் ஒன்றுதான். உள்ளே இருந்தால் ஒப்பிடலாம், வெளியே இருந்தால் ஒப்பிட முடியாது. இப்படிப் பாதி வரிசையாகவும் பாதி வரிசை இல்லாமலும் இருக்கிற உலகத்தைக் காட்ட, கூம்பு ஒரு படம்.

இந்தப் படம் நம்ம விஷயத்துக்குள் நுழைய ஒரு உலகப்போர் தேவைப்பட்டது. சாலிங் கூப்மன்ஸ் ஒரு டச்சுக்காரர், முதலில் இயற்பியல் படித்தவர். 1940-ல் அமெரிக்கா போய், போர்க்காலத்தில் வாஷிங்டனில் நேச நாடுகளின் சரக்குக் கப்பல் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை செய்தார். எந்தக் காலிக் கப்பலை எந்தத் துறைமுகத்துக்கு அனுப்பினால் வீண் ஓட்டம் குறையும்? ஒரு வழியில் மிச்சம் பிடித்தால் இன்னொரு வழியில் தட்டுப்பாடு வரும்.

போர் முடிந்து 1949-ல் சிகாகோவில் ஒரு மாநாடு. அதன் கட்டுரைகளை கூப்மன்ஸ் தொகுத்து 1951-ல் புத்தகமாக்கினார். அதில்தான் ஓர் உற்பத்தித் திட்டம் எப்போது 'திறமையான புள்ளி' ஆகும் என்று அவர் வரையறுத்தார்: எதையும் குறைக்காமல் வேறு எதையும் கூட்ட முடியாத புள்ளி. பரேட்டோ மனிதர்களைப் பற்றிச் சொன்னது இங்கே பொருட்களுக்கு வந்துவிட்டது. அதே புத்தகத்தில், தட்டையான முகங்கள் கொண்ட கூம்புகளைப் பற்றி டேவிட் கேல் ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். நம்ம ரூம் மூலை பொருளாதாரத்துக்குள்ளே வந்தாச்சு. கூப்மன்ஸுக்கு 1975-ல் நோபல் கிடைத்தது, ரஷ்யாவின் கான்டோரோவிச்சோடு பகிர்ந்து.

அதே 1951-ல் கூன், டக்கர் இருவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. மெஷின் லேர்னிங் படிச்சவங்களுக்கு இந்தப் பேர்களோட இன்னொரு பேரும் சேர்ந்து வரும்: கருஷ். அவர் 1939-லேயே தன் முதுகலை ஆய்வேட்டில் இதே நிபந்தனைகளை எழுதிவிட்டார், யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கதை தனி எபிசோடு. நமக்கு வேண்டியது, கூன்-டக்கர் கட்டுரையில் ஒரே நேரத்தில் பல நோக்கங்களை உச்சமாக்குவதற்கும் ஒரு பகுதி இருக்கிறது என்பது.

இதுவரைக்கும் விரல்கள் செங்குத்தாகத்தான் இருந்தன. இனிதான் விரலை வளைக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் வருது பாருங்க. ரெண்டு திட்டம். முதலாவது மாசம் ஒரு லட்ச ரூபாய். இரண்டாவது பத்து லட்சம், ஆனால் ஆப் ஒரே ஒரு மில்லிசெகண்ட் சீக்கிரமாகத் திறக்கும். பரேட்டோ கணக்குப்படி ரெண்டாவது தோற்கவில்லை, ஏன்னா ஒரு விஷயத்தில் அது ஜெயிக்கிறது. ஆனா சுயபுத்தி உள்ள யாராவது அதை வாங்குவாங்களா?

1968-ல் ஜெஃப்ரியன் என்கிற ஆய்வாளர் இந்த மாதிரி கோளாறை ஒழுங்குபடுத்தினார். ஒன்றில் கிடைக்கும் கடுகளவு லாபத்துக்காக இன்னொன்றில் எல்லையில்லாத விகிதத்தில் இழக்கக்கூடாது என்று நிபந்தனை வைத்தார். 1974-ல் போ-லுங் யூ இன்னும் ஒரு படி மேலே போனார். அந்தச் செங்குத்து மூலையே கட்டாயமில்லை, முடிவெடுப்பவர் தன் விருப்பத்துக்கு ஏற்ற கூம்பை வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். ரூம் மூலை என்பது பல கூம்புகளில் ஒன்று, அவ்வளவுதான்.

இப்ப கையைப் பாருங்க. மூணு விரலையும் இன்னும் கொஞ்சம் அகலமா விரிங்க. நடுவுல இடம் பெருசாச்சா? அப்படின்னா இன்னும் நிறைய புள்ளிகள் அதுக்குள்ள விழும். நேத்து வரைக்கும் தோற்காம இருந்த திட்டங்கள் இன்னைக்குத் தோற்கும். விரிச்சுக்கிட்டே போங்க. கடைசியில மூணு விரலும் ஒரு மேஜைமேல படுத்த மாதிரி தட்டையாயிடும். அப்ப கூம்பே ஒரு சமதளத்தோட ஒரு பக்கம் முழுக்க ஆகிடும். பெரும்பாலும் ஒரே ஒரு திட்டம்தான் மிஞ்சும். அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? மூணு நோக்கத்துக்கும் விலை போட்டு ஒரே தொகையா கூட்டிட்டோம்னு அர்த்தம். எதைக் கூட்ட மாட்டேன்னு பரேட்டோ பிடிவாதம் பிடிச்சாரோ, அதையே.

ஆக, செங்குத்து மூலையிலிருந்து தட்டை மேஜை வரைக்கும் நடுவுல எங்கே நிறுத்துறோம் என்பது கணக்கு இல்லை. அது ஒரு தீர்ப்பு.

கம்ப்யூட்டர் ஆட்கள் தோற்காத புள்ளிகளை வேகமாகக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கினார்கள். 1975-ல் குங், லூச்சியோ, ப்ரெபராடா மூவரும் அதற்கு ஒரு அல்காரிதம் தந்தார்கள். 1994-ல் ஐஐடி கான்பூரில் இருந்த ஸ்ரீனிவாஸும் கல்யாண்மய் தேபும், தோற்காத புள்ளிகளை அடுக்கடுக்காகப் பிரித்து, பரிணாமம் மாதிரி தலைமுறை தலைமுறையாகத் தீர்வுகளை மேம்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். 2002-ல் தேப் தன் மாணவர்களோடு சேர்ந்து அதன் இரண்டாம் வடிவத்தைக் கொண்டுவந்தார். என்எஸ்ஜிஏ-2 என்று பேர். இன்றைக்கு விமானப் பாகம் வடிவமைப்பவரும் தண்ணீர்க் குழாய் பதிப்பவரும் பயன்படுத்துகிற முறை, கான்பூரில் பிறந்தது. பைதானில் சில வரிகளில் கூப்பிடலாம்.

அந்தச் சில வரிகளைத்தான் நானும் கூப்பிட்டேன்.

முந்தின கம்பெனி. பேர் வேண்டாம். எங்க ஆப்போட பின்னணி அமைப்பை எப்படி வைப்பது என்று 400 சேர்க்கைகள் வரை சோதித்தோம். படத்தை எவ்வளவு சுருக்குவது, எதை எங்கே சேமித்து வைப்பது, எத்தனை சர்வர். ஒவ்வொன்றுக்கும் மூணு எண்: மாதச் செலவு, திறக்கும் நேரம், ஒரு தடவை திறந்தால் தீரும் டேட்டா. மூணையும் 0 முதல் 1 வரையிலான அளவுக்கு மாற்றினேன். முப்பரிமாணத்தில் புள்ளி வைத்தேன். தோற்காதவை 60 சொச்சம் மிஞ்சின.

மேனேஜர் பார்த்துட்டு, "அறுபதைக் காட்டினா மேல யாரும் முடிவெடுக்க மாட்டாங்க. ஒரு ஏழெட்டுக்குக் குறைங்க"ன்னார். நியாயமான கோரிக்கைதான்.

எனக்கு வழி தெரியும். கூம்பை விரிக்கணும். அதுக்கு ஒரு எளிய வழி இருக்கு. ஒவ்வொரு நோக்கத்தோடயும் மத்த ரெண்டையும் கொஞ்சம் கலந்துட்டு, அப்புறம் வழக்கம்போல ஒப்பிடணும். எவ்வளவு கலக்கிறோம் என்பது ஒரே ஒரு எண். 0 வச்சா செங்குத்து மூலை. 1 வச்சா தட்டை மேஜை. நான் 0.1 வச்சேன், நிறைய மிஞ்சியது. 0.2, 0.3. 0.4 வச்சதும் ஏழு. சூப்பர். ஸ்லைடில் ஏழு புள்ளி அழகா உட்கார்ந்தது. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம்.

சில மாசம் கழிச்சு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா போனை நீட்டி, "ஏண்டா, உங்க ஆபீஸ் ஆப்பை ரெண்டு தடவை தொறந்தாலே நெட்டு மதியத்துக்குள்ள தீந்துருது. முன்னாடி இப்படி இல்லையே"ன்னாங்க. அம்மாகிட்ட இருக்கிறது தினசரி அளவு வச்ச சின்ன ரீசார்ஜ். தீர்ந்தா அன்னைக்கு அவ்வளவுதான். என் போன்ல வீட்டு வைஃபை, ஆபீஸ் வைஃபை. எனக்கு டேட்டா தீர்ந்ததே ஞாபகம் இல்ல.

அன்னைக்கு ராத்திரி பழைய நோட்புக்கைத் திறந்தேன். 0.4-க்கு என்ன அர்த்தம்னு முதல் தடவையா பேப்பர்ல எழுதிப் பார்த்தேன். நேரம் சமமா இருக்கும்போது, டேட்டாவில் ஒரு பங்கு மிச்சம் பிடிக்கிற திட்டம் செலவில் ரெண்டரை பங்கோ அதுக்கு மேலயோ கேட்டா, அவுட். 1-ஐ 0.4-ஆல் வகுத்தா ரெண்டரை. அவ்வளவு சிம்பிளான கணக்கு. அந்த ரெண்டரையை நான் யார்கிட்டயும் கேட்கல. யாரும் என்கிட்ட கேட்கல. ஸ்லைடில் ஏழு வரும் வரைக்கும் எண்ணைக் கூட்டிக்கிட்டே போனேன், அது தானா ரெண்டரைல வந்து நின்னுச்சு.

இன்னொரு தப்பும் தெரிந்தது. சோதித்த 400-ல் ஒண்ணு படத்தைச் சுருக்கவே சுருக்காத கொழுத்த சேர்க்கை. 0 முதல் 1 வரையிலான அளவில், டேட்டாவுக்கான 1 அதுதான். அது அளவுகோலை இழுத்துட்டதால, மத்த திட்டங்களுக்குள்ள இருந்த நிஜமான டேட்டா வித்தியாசம் எல்லாம் கடுகாத் தெரிஞ்சது. டேட்டாவை மிச்சம் பிடிக்கிற சேர்க்கைகள் 60-ல் இருந்தன. ஏழில் ஒன்றுகூட இல்லை.

அமர்த்தியா சென் 1970-ல் எழுதிய சமூகத் தேர்வு பற்றிய புத்தகத்தில் ஒரு விஷயம் சொல்கிறார். சிலர் பட்டினியிலும் சிலர் ஆடம்பரத்திலும் இருக்கும் சமூகம்கூட, பரேட்டோ அளவுகோலில் உச்சநிலையாக இருக்கலாம். பணக்காரரிடமிருந்து குறைக்காமல் ஏழைக்குக் கூட்ட முடியாது என்றால் போதும், அது 'தோற்காத' நிலை. செங்குத்து மூலை நடுநிலை மாதிரி தெரியும், ஆனா அதுவும் ஒரு கட்சிதான். விரித்த கூம்பும் ஒரு கட்சி. என் 0.4-ம் ஒரு கட்சி. நான் மட்டும் அதை டியூனிங்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த ராத்திரி நான் செஞ்ச உருப்படியான வேலை, கூம்பை வரைஞ்சதுதான். அதுவரைக்கும் புள்ளிகளை மட்டும்தான் வரைஞ்சிருந்தேன். முப்பரிமாணத்தில் கூம்பு வரைவது பெரிய வித்தை இல்லை. நுனிக்கு ஒரு புள்ளி, மூணு விரல் முனைக்கு மூணு புள்ளி, மொத்தம் நாலு. நுனியையும் ரெண்டு ரெண்டு முனைகளையும் சேர்த்தா மூணு முக்கோணம். மேட்ப்ளாட்லிப்ல பாதி ஒளி ஊடுருவுற நிறம் குடுத்தா போதும். திசைகள் நிறைய இருந்தா, எது வெளிவிளிம்பு என்று கண்டுபிடிக்க குயிக்ஹல் அல்காரிதம் இருக்கு. 1996-ல் வெளியான கட்டுரை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜியாமெட்ரி சென்டர்ல உருவான அந்த நிரல்தான் இன்னைக்கும் சைபையோட அடியில ஓடுது.

தேர்ந்தெடுத்த திட்டத்தை நுனியா வச்சு நீல நிறத்துல கூம்பை வரைஞ்சேன். திரையைச் சுத்திப் பார்த்தேன். கூம்போட விளிம்புக்குக் கொஞ்சம் உள்ள, டேட்டா குறைவான புள்ளிகள் நாலஞ்சு மாட்டிக்கிட்டு இருந்துச்சு. கலவையை 0.3-க்குக் குறைச்சேன். சுவர் உள்வாங்கினதும் அதுல ரெண்டு வெளியே வந்துருச்சு. கணக்குல அது 0.1 வித்தியாசம். எங்க அம்மாவுக்கு அது மதியத்துக்கு மேல இருக்கிற நாள்.

திங்கள்கிழமை அந்தப் படத்தை மேனேஜர்கிட்ட காட்டினேன். திட்டவெல்லாம் இல்ல. கொஞ்ச நேரம் கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது ஏன் முதல்லயே ஸ்லைடில் இல்ல?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. அந்த அமைப்பை உடனே மாத்தல, அடுத்த ரிலீஸ் வரைக்கும் ஓடுச்சு. நானும் கொஞ்ச நாள்ல வேற கம்பெனிக்கு வந்துட்டேன். கதை ஜெயிச்ச மாதிரி முடியல, மன்னிச்சுக்கோங்க.

ஆனா ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. பல நோக்கம் இருக்கிற எந்தப் படத்தை யார் காட்டினாலும், "கூம்பு எங்க?"ன்னு கேட்பேன். பஸ் ரூட்டைக் குறைக்கிற படமா இருக்கலாம், லோன் யாருக்குன்னு முடிவு பண்ற மாடலா இருக்கலாம். மிஞ்சின புள்ளிகளை எல்லாரும் காட்டுவாங்க. எந்தச் சுவர் மத்தவங்களை வெளியே தள்ளுச்சு, அந்தச் சுவரோட சாய்வை யார் முடிவு பண்ணினாங்க என்பதை வரைஞ்சாதான் தெரியும். தெரிஞ்சாதான் யாராவது எதிர்த்துக் கேட்க முடியும்.

கையை இப்ப கீழே இறக்கலாம். வலிச்சிருக்கும்.

அடுத்த எபிசோடில் அந்த கருஷ் கதை. அதுவரைக்கும், அம்மா போனையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்க. நீங்க எழுதின ஆப் அதுல எப்படி ஓடுதுன்னு.